பணத்தைப் பற்றி எழுதிப் பிழைப்பவர்கள்

(பெங்களூரில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது ஆன்மிக விஷயமாகப் பேசுங்களேன்" என்றுதான் காரியதரிசி என்னிடம் சொன்னார். அதற்கு என்னைவிட யோக்யதை உள்ளவர்கள் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் இறக்குமதி லைசென்ஸ் ஃபைல்களோடு 37 வருஷம் குடித்தனம் நடத்தியவன். எனக்குத் தெரிந்ததைத்தான் பேச முடியும். ஆகவே, வர்த்தகத்தைப் பற்றியும் சேமிப்பைப் பற்றியும் பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன். அதிலும் எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் வாங்காமல், கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள்.

ஃப்ரீலான்ஸ் என்றால், வேலை இல்லை என்பதை கௌரவமாகச் சொல்கிற வார்த்தை என்றுதான் நம்மில் பலருக்கு அபிப்பிராயம். என் தங்கை பெண் இந்தத் தொழிலில்தான் இருக்கிறாள். அவளுக்கு ஜாதகப் பரிவர்த்தனை நடந்த காலத்தில் டெலிஃபோனில் நான் பதில் சொன்ன சம்பாஷணை இது: "பெண் என்ன பண்றா?" "எழுதறா." "கதையா?" "இல்லை, ஏற்றுமதி இறக்குமதி பத்தி. அப்புறம் சேமிப்பு, இன்ஷூரன்ஸ் பத்தி." "அது சரி, வேலை எங்கே?" இதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பகல் இரண்டு மணி வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. ஆபீஸில் நாங்கள் யாரும் அப்படி வேலை பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்தத் தொழில் நமக்குப் புதிதும் அல்ல. திருவையாற்றில் 1855ல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயரை நாம் 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர், 'சுதேசமித்திர'னை நிறுவியவர் என்று மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். விதவையான தம் பெண்ணுக்கு மறுவிவாகம் செய்துவைத்த தைரியசாலி என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் அந்த மனிதர் பொருளாதாரத்தைப் பற்றியும் நிறைய எழுதினார். இந்தியாவின் செலவுக் கணக்கை விசாரிக்க லண்டனில் கூடிய வெல்பி கமிஷன் முன்னால் 1897ல், கோகலே, வாச்சா ஆகியோரைப் போல அவரும் போய் சாட்சியம் அளித்தார். 1898ல் 'ஹிந்து'விலிருந்து விலகினார். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1903ல் வெளிவந்தது. 'சுதேசமித்திரன்' மூலம் இந்த விஷயங்களையெல்லாம் ஆங்கிலம் தெரியாத மிராசுதாருக்கும் வாத்தியாருக்கும் தமிழில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தூரத்தில் எடுக்கப்படும் ஒரு முடிவு நம் வீட்டு உலையில் எப்படி வந்து விழுகிறது என்று காட்டுவதுதான் இந்த எழுத்தின் வேலை. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

இதற்கு உதாரணம் சொல்ல வேண்டுமானால் பெங்களூரில் காபியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? மாமிகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நம் நாட்டுக் காபியில் ஏறத்தாழ 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. குடகு, சிக்கமகளூர், ஹாசன். காபி போர்டின் தலைமை அலுவலகமும் விதான சௌதாவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. 1942ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, தோட்டக்காரர் விளைந்த காபியை போர்டிடம் ஒப்படைக்க வேண்டும். போர்டு ஏலம் போடும். பணம் தவணை தவணையாக வரும். பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, 1996ல் அந்த முறையை முழுக்க எடுத்துவிட்டார்கள். இது நடந்துகொண்டிருக்கும்போதே வெளியுலகத்திலும் ஒரு கட்டு அவிழ்ந்தது. எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று சர்வதேச ஒப்பந்தம் கோட்டா வைத்திருந்தது. 1989 ஜூலையில் அந்தக் கோட்டா நின்றுபோயிற்று. சில மாதங்களில் உலக விலை பாதிக்குப் பக்கமாக இறங்கியது. பிறகு 1994ல் பிரேசிலில் இரண்டு முறை பனி விழுந்து செடிகள் கருகின. விலை மளமளவென்று ஏறியது. பிரேசிலில் பனி விழுந்ததற்கு மல்லேஸ்வரத்துக் காபிப் பொடிக் கடையில் நாம் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? விளைவதில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் ஏற்றுமதி ஆகிறது. வெளியே கிடைக்கும் விலையைப் பார்த்துத்தான் தோட்டக்காரர் உள்ளூர் வியாபாரிக்கும் விலை சொல்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாமும் அதைத்தான் செய்வோம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அராபிகா காபிக்கு நியூயார்க் சந்தையில் விலையை ராத்தலுக்கு இத்தனை சென்ட் என்று சொல்வார்கள். 2023 அக்டோபரில் அது 150 சென்ட் அளவில் இருந்தது. 2025 பிப்ரவரியில் 400 சென்டைத் தாண்டியது. பிரேசிலில் வறட்சி, அதற்கு முன்னால் வியட்நாமிலும் வறட்சி. ஒரு கிலோ என்பது 2.2 ராத்தல். அப்போது டாலர் சுமார் 87 ரூபாய். ஆக, 400 சென்ட் என்றால் கிலோ பச்சைக் கொட்டை 767 ரூபாய். வறுக்கும்போது ஈரம் போய் எடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும்; அதனால் வறுத்த கொட்டை 920 ரூபாய். இன்னும் அரைக்கவில்லை, கடைக்காரர் லாபம் இல்லை, வாடகை இல்லை. 150 சென்ட் என்றால் இதே கணக்கில் வறுத்த கொட்டை சுமார் 345 ரூபாய்தான் வரும். கடை விலை அப்படியே இந்தக் கணக்கில் ஏறுவதில்லை. சிக்கரி சேர்க்கிறார்கள், ரொபஸ்டா சேர்க்கிறார்கள், பழைய சரக்கு இருப்பு இருக்கிறது. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். என் தங்கை பெண் இதை ஒரு வெளிநாட்டு வர்த்தகப் பத்திரிகைக்கு 1,200 வார்த்தைகளில் எழுதினாள். பிறகு அதே விஷயத்தை, வீட்டு பட்ஜெட்டில் விலைவாசிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று இங்குள்ள ஒரு பத்திரிகைக்கு வேறு மாதிரியாக எழுதினாள். சர்வதேச வர்த்தகத்தையும் குடும்ப நிதியையும் ஒரே ஆள் எழுதுவது விநோதமாகத் தோன்றலாம். எனக்கு அது மாவும் இட்லியும் மாதிரிதான்.

வர்த்தகம் எழுதுவதில் இன்னொரு சிரமம் உண்டு. அது எனக்கு நேரடியாகத் தெரியும். நாங்கள் எழுதிய சர்க்கார் பாஷை. "மேற்கண்ட பத்தியில் எது கூறப்பட்டிருப்பினும்" என்று ஆரம்பித்தால் அடுத்த முற்றுப்புள்ளி வருவதற்குள் வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். 1991 ஜூலை முதல் வாரத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். மறுவருஷம், 1992ல், ஐந்து வருஷத்துக்கான ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கை வந்தது. எதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம் என்று எங்களுக்கே மனத்தில் பதிய நாளாயிற்று. அப்போது பீன்யாவில் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தவர்கள், பொருளாதாரப் பத்திரிகையில் வந்த விளக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு வருவார்கள். பல சமயம் அந்தக் கத்தரிப்பு எங்கள் சுற்றறிக்கையைவிடத் தெளிவாக இருந்தது. இதை நான் ரிடையர் ஆன பிறகுதான் வெளியே சொல்ல முடிகிறது.

இப்போதும் அந்தத் தேவை குறையவில்லை. காடு அழித்த நிலத்தில் விளைந்த காபி, கோகோ முதலியவற்றை வாங்கமாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் சட்டம் செய்தது. விளைந்த நிலம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடகுக்காரர் இதற்கு எங்கே போவார்? அமலாகும் தேதியை 2024லும் 2025லுமாக இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். சட்டம் என்ன, தேதி என்ன, யாருக்கு விலக்கு என்று தேடிப் படித்து, அவருக்குப் புரியும்படி எழுத ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

இனி நம் பணத்துக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். க்ஷமிக்க வேண்டும்.

நம்மில் அநேகம் பேர் வீட்டில் ஒரு காலத்தில் 'யு.எஸ்.64' யூனிட் இருந்தது. யூனிட் டிரஸ்ட் 1964ல் கொண்டுவந்த திட்டம். பெண் பிறந்தால் கல்யாணத்துக்கு யூனிட், ரிடையர் ஆனால் கிராஜுவிட்டிக்கு யூனிட். பாங்கு டெபாசிட் மாதிரி பத்திரமானது என்று நினைத்தோம். அது பங்கு மார்க்கெட்டில் போட்ட பணம், விலையை மட்டும் டிரஸ்டே நிர்ணயித்துவந்தது என்பதை நாம் யோசிக்கவில்லை. அந்தத் திட்டத்தின் கையிருப்பு நிதி எதிர்மறையாகிவிட்டது என்பது 1998லேயே வெளிவந்துவிட்டது. தீபக் பாரேக் தலைமையில் கமிட்டி போட்டார்கள். மறுவருஷம் அறிக்கையும் வந்தது. பொருளாதாரப் பத்திரிகைகளில் இதைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2001 ஜூலையில் யூனிட்டுகளைத் திரும்ப வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது 10 ரூபாய் யூனிட்டின் உண்மை மதிப்பு 6 ரூபாய்க்கும் கீழே. பிறகு சர்க்கார் தலையிட்டு சிறு முதலீட்டாளர்களுக்கு ஓரளவு நியாயம் செய்தது. ஆனால் 1998க்கும் 2001க்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று வருஷம். எழுதினவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் குறுக்கெழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

இந்த ஊரிலேயே அண்மையில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஜனவரியில் ஸ்ரீ குரு ராகவேந்திரா சககார வங்கியின் மேல் ரிசர்வ் பாங்கு கட்டுப்பாடு விதித்தது. ஒருவர் எடுக்கக்கூடிய தொகை 35,000 ரூபாய் என்று வரம்பு. தென் பெங்களூரில் ரிடையர் ஆனவர்கள் எத்தனை பேர் அதில் டெபாசிட் வைத்திருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். டெபாசிட் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருப்பதையே பலர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள். 1993லிருந்து அது வெறும் 1 லட்சம். 2020 பிப்ரவரி 4ஆம் தேதியிலிருந்து 5 லட்சம். 2021ல் சட்டத்தைத் திருத்தி, கட்டுப்பாடு விதித்த 90 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் தொகை கிடைக்க வழி செய்தார்கள். அந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே பாங்கில் ஜெயநகரில் ஒன்று, மல்லேஸ்வரத்தில் ஒன்று என்று இரண்டு கிளையில் போட்டாலும் இரண்டையும் கூட்டித்தான் 5 லட்சம். இது ஒன்றும் ரகசியம் அல்ல. குடும்ப நிதி எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறையாவது எழுதுகிற சங்கதி.

நான் பௌதிகம் படித்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ரேடியம் போன்ற வஸ்துக்களுக்கு அரை ஆயுள் என்று உண்டு. குறிப்பிட்ட காலத்தில் பாதி கரைந்துவிடும். ரூபாய்க்கும் உண்டு. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால், 72ஐ 6ஆல் வகுங்கள். 12 வருஷத்தில் உங்கள் 100 ரூபாய் வாங்கக்கூடிய சரக்கு பாதி. 60 வயதில் ரிடையர் ஆகி 84 வயது வரை இருந்தால் கால் பங்கு. சர்க்கார் பென்ஷன்காரர்களுக்குப் பஞ்சப்படி உண்டு. எங்களுக்குக் கவலை குறைவு. தனியார் கம்பெனியிலிருந்து வந்தவர்களுக்கு அது கிடையாது. "என் அசல் அப்படியே இருக்கு" என்று சொல்கிற மாமாவின் அசல், வருஷா வருஷம் சத்தமில்லாமல் கரைகிறது. இதைச் சொன்னதும் சில பேர் பயந்துபோய், இரட்டை வட்டி தருகிறேன் என்கிறவனிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அது மழைக்குப் பயந்து கிணற்றில் குதிப்பது.

அப்படியானால் எழுதுகிறவர்கள் எல்லோரையும் நம்பலாமா? கூடாது. அமெரிக்காவில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பெரிய பத்திரிகை. ஃபாஸ்டர் வினன்ஸ் என்பவர் அதில் பங்குகளைப் பற்றிப் பத்தி எழுதிவந்தார். பத்தியில் ஒரு கம்பெனியைப் புகழ்ந்தால் மறுநாள் அந்தப் பங்கு ஏறும். நாளைக்கு யாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்பதை முன்கூட்டியே ஒரு புரோக்கருக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்த லாபம் சுமார் 6,90,000 டாலர்; எழுதினவருக்கு வந்தது 31,000 டாலர். 1984ல் அகப்பட்டார்; வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1987ல் தண்டனை உறுதியாயிற்று. நம் நாட்டிலும் பிரஸ் கவுன்சில் நிதிப் பத்திரிகையாளர்களுக்கென்று விதிகள் வைத்திருக்கிறது. பரிசு, கடன், உல்லாசப் பயணம், சலுகைப் பங்கு எதையும் வாங்கித் தன் நிலையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் இருக்கிறது. மறுபக்கம், 1992 ஏப்ரல் 23ஆம் தேதி 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சுசேதா தலால் எழுதிய செய்தியும் இருக்கிறது. ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்தது அந்த ஒரு செய்தியிலிருந்துதான்.

சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று செபி 2013ல் விதி கொண்டுவந்தது. ஆனால் பத்திரிகையிலோ டி.வி.யிலோ பொதுஜனங்கள் எல்லோருக்கும் கிடைக்கும்படி சொல்வது அந்த விதியின்படி ஆலோசனையே அல்ல என்று விலக்கு வைத்தது. அதாவது, எழுதுகிறவர் உங்கள் வயது, கடன், பெண் கல்யாணம், சர்க்கரை வியாதி எதுவும் தெரியாமல் எழுதுகிறார். அது நல்ல எழுத்தாக இருக்கலாம்; ஆனால் உங்களுக்கென்று எழுதிய மருந்துச் சீட்டு அல்ல. ஒரு கட்டுரையைப் படித்தால் நான் முதலில் பார்ப்பது, இந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன நஷ்டம் வரலாம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் அது விளம்பரம். கட்டுரை மாதிரி வேஷம் கட்டியிருக்கிறது. எழுதினவருக்கு அந்தத் திட்டத்தை விற்றால் கமிஷன் உண்டா என்று அடுத்தபடியாகப் பார்ப்பேன். பின்னால் இணைத்த பட்டியலில் வரிக்குப் பிறகு எவ்வளவு என்று இருக்கிறதா என்றும் பார்ப்பேன். 8 சதவீத வட்டி, 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு 5.6 சதவீதம்தான். இதை எழுதாமல் விடுகிறவர்கள் ஏராளம்.

இளைஞர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் பெற்றோரும் வந்திருக்கிறார்கள். பையனோ பெண்ணோ இப்படி எழுதப் போகிறேன் என்றால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதமும் செய்ய வேண்டாம். உத்தியோகத்தில் இருந்தால் பி.எஃப்., மெடிக்கல் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இதில் எல்லாம் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுரை பிரசுரமாகி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பணம் வரும். உள்நாட்டுப் பத்திரிகை 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு அனுப்பும். ஒரு பத்திரிகை மூடிவிட்டால் அந்த வருமானம் போச்சு. என் தங்கை பெண் வேலையை விடுவதற்கு முன்னால் 18 மாதச் செலவை பாங்கில் தனியாக வைத்தாள். ஹெல்த் பாலிசியைத் தன் பேரில் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் ராஜினாமாக் கடிதம். அவள் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. மற்றவர்களுக்கு எழுதுகிற புத்திமதியைத் தனக்கு முதலில் செய்துகொண்டாள்.

இன்னொரு வேடிக்கை. சிங்கப்பூர் பத்திரிகைக்கு பெங்களூரிலிருந்து எழுதி டாலரில் பணம் வாங்கினால் அது சட்டப்படி சேவை ஏற்றுமதி. ஜி.எஸ்.டி. விகிதம் பூஜ்யம், பாங்கில் அந்நியச் செலாவணி வந்ததற்குச் சான்று வாங்கிவைக்க வேண்டும். நான் 37 வருஷம் ஏற்றுமதியாளர்களின் ஃபைலைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்திலேயே ஒரு ஏற்றுமதியாளர் உருவாவாள் என்று நினைத்ததில்லை. கப்பல் இல்லை, கன்டெய்னர் இல்லை, ஒரு மேஜையும் கம்ப்யூட்டரும்தான்.

பேச்சு முடிந்ததும் சில அன்பர்கள் கேள்வி கேட்டார்கள். அவற்றில் ஒன்றை மட்டும், வெளியூர் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே சேர்க்கிறேன். மாமாவும் மாமியும் ஜாயின்ட்டாக டெபாசிட் போட்டால் 5 லட்சம் இன்ஷூரன்ஸ் எப்படிக் கணக்காகும் என்று கேட்டார் ஒருவர். மாமா பேரில் தனியாக இருப்பது ஒரு கணக்கு. மாமி பேரில் தனியாக இருப்பது இன்னொன்று. மாமா பெயர் முதலிலும் மாமி பெயர் அடுத்தும் இருக்கிற ஜாயின்ட் டெபாசிட் வேறொன்று. பெயர் வரிசையை மாற்றி மாமி முதலில் இருந்தால் அது நாலாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 5 லட்சம். ரசீதை வீட்டில் எடுத்துப் பார்த்து, யார் பெயர் முதலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னேன்.